பாரம் இறங்கும் வழி: கிரேக்க, எத்ருஸ்க, ரோமானியக் கலையைச் சுங்கை சிப்புட்டிலிருந்து படிப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவீட்டு வரிசைக்குச் சென்று, அஞ்சடி எனப்படும் கடைமுன் நடைபாதையின் மேல்தளத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றின் முன்னால் நின்றுகொள்ளுங்கள். சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் கலை வரலாற்று வகுப்புக்கு வரும் மாணவர்களை முதல் நாளில் அங்கேதான் அழைத்துச் செல்கிறேன். நாங்கள் பார்க்கும் தூணின் தலைப்பில் சாந்தால் செய்த இலைகள் சுருண்டிருக்கின்றன. பல தலைமுறை வெள்ளையடிப்பில் இலை நரம்புகள் மழுங்கிவிட்டன. ஒரு மூலை உடைந்து உள்ளேயிருக்கும் செங்கல் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் மாடிச் சுவரிலும் அதே வடிவத் தூண்கள் உள்ளன, ஆனால் அவை சுவரோடு ஒட்டியவை. கீழ்த்தூணை எடுத்துவிட்டால் மாடி இறங்கிவிடும். மேல்தூணைச் செதுக்கி எடுத்தாலும் சுவர் அப்படியே நிற்கும். இந்த வேறுபாட்டை ஒரு மாணவர் தாமே கண்டு சொல்லிவிட்டால், அவருக்குக் கிரேக்கக் கோயிலுக்கும் ரோமானியக் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது எளிது.

ஆகவே இந்தப் பாடத்தைத் தொடங்குவோர் பெயர்களையும் ஆண்டுகளையும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பாரம் எங்கே இறங்குகிறது? தூணிலும் வளைவிலும் குவிமாடத்திலும் மட்டுமன்றி, நிற்கும் சிலையின் காலிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலத்தில் மாறிக்கொண்டே வந்தது இந்தக் கேள்விக்கான விடைதான் என்பது என் துணிபு. பெயர்களும் ஆண்டுகளும் அதன் பின்னால் தாமாகவே வந்து சேரும்.

அடுத்து மண்டபச் சுவரில் இரண்டு கயிறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுங்கள். கி.மு. 800 முதல் கி.பி. 400 வரை பன்னிரண்டு நூற்றாண்டுகள். நூற்றாண்டுக்கு ஒரு முழம் என்று அளந்து முடிச்சிடுங்கள். மேல் கயிறு கிரேக்கத்துக்கு, கீழ்க் கயிறு இத்தாலிக்கு. அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களிலிருந்து படங்களை அச்செடுத்து, துணிக் கவ்விகளால் உரிய இடத்தில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அது என்ன பொருளால் ஆனது, எப்போது செய்யப்பட்டது, எங்கே கண்டெடுக்கப்பட்டது, மூலமா பிரதியா என்ற நான்கையும் எழுதாமல் மாட்டக் கூடாது. கண்டெடுத்த இடத்தை எழுதும் பழக்கம் முதலில் தேவையற்ற வேலையாகத் தோன்றும். அதன் பயன் விரைவிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிப் பாடங்களில் கிரேக்கம் முடிந்து, ரோமானியருக்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர் வந்தார்கள், அவர்கள் முடிந்து ரோமானியர் வந்தார்கள் என்று படிகளாகச் சொல்லப்படுவதுண்டு. கயிறு இதனை உடனே திருத்தும். கி.மு. 530 அளவில் செய்யப்பட்ட, குரோய்சோஸ் என்ற இளைஞனின் கல்லறைக்கு உரிய பளிங்குச் சிலையை மேல் கயிற்றில் மாட்டுங்கள். அது இன்று ஏதென்ஸில் உள்ளது. கி.மு. 520 அளவில் எத்ருஸ்கர் செய்த 'தம்பதியர் ஈமப்பேழை' என்ற சுடுமண் படைப்பைக் கீழ்க் கயிற்றில் மாட்டுங்கள். இது செர்வெத்தெரி என்ற ஊரின் கல்லறைப் பகுதியில் கிடைத்து, இன்று ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டும் ஏறக்குறைய நேர்மேலும் கீழுமாக வந்து நிற்கும். இரண்டு முகங்களிலும் அதே பாதாம் வடிவக் கண்களும், அதே மூடிய உதட்டுப் புன்னகையும் இருக்கும். ஆனால் கிரேக்க இளைஞன் ஆடையின்றித் தனியே நிற்கிறான். எத்ருஸ்கக் கணவனும் மனைவியும் விருந்தில் அமர்ந்தவர்களாக ஒரே கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள். கிரேக்க விருந்துகளில் மனைவியர் அமர்வதில்லை. முகத்தைக் கிரேக்கத்திலிருந்து பெற்றுக்கொண்ட எத்ருஸ்கர், வாழ்க்கையைத் தமதாகவே வைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கண்டெடுத்த இடம் பேசத் தொடங்குகிறது. கிரேக்கக் காவிய வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் குனிந்து காய் விளையாடும் காட்சியை ஏதென்ஸ் நகரத்துச் சாடி ஓவியர் எக்செக்கியாஸ் கி.மு. 540 முதல் 530 வரையான காலத்தில் ஒரு சாடியில் கறுப்பு உருவங்களாக வரைந்தார். அந்தச் சாடி கிடைத்தது கிரேக்கத்தில் அல்ல. இத்தாலியில் வுல்சி என்ற எத்ருஸ்க நகரத்தில். சிறந்த ஏதென்ஸ் சாடிகளில் பல எத்ருஸ்கக் கல்லறைகளில்தான் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆகவே அந்தப் படத்தை இரண்டு கயிறுகளுக்கும் நடுவே தொங்கவிடுங்கள்.

இனித் தூணுக்கு வருவோம். மரத்தில் செய்த வேலை கல்லுக்கு மாறியதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தமிழர்களுக்கு இது புதிதன்று. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம், கூரை வேய்ந்த குடிசையைக் கல்லில் காட்டுகிறது. கிரேக்கர் டோரிக் என்ற தூண் வகையால் எழுப்பிய கோயிலில் செய்ததும் இதை ஒத்ததே. தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில், மூன்று பட்டைகளாகப் பிளந்த கல் பலகைகள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். மர உத்தரங்களின் முனையை மறைத்த பலகைகளின் நினைவு அது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். அறிஞர்கள் இதில் முழுதும் உடன்படுவதில்லை என்றாலும், ஒலிம்பியாவில் உள்ள ஹேரா கோயில் இந்த மாற்றத்தைக் கண்முன் வைக்கிறது. கி.மு. 600 அளவில் எழுந்த அக்கோயிலின் தூண்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. தலைப்புகள் வெவ்வேறு காலத்துப் பாணியில் உள்ளன. மரத்தூண் பழுதாகப் பழுதாகக் கல் தூணை நட்டுக்கொண்டே வந்தார்கள் என்பது பொதுவான விளக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியாஸ் என்ற பயணி, ஒரு தூண் இன்னும் ஓக் மரமாகவே இருந்ததாகக் குறித்துள்ளார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் மரக் கால்களை ஒவ்வொன்றாக மாற்றிச் சிமெண்டுக் கால் வைத்ததைக் கண்ட முதியவர்களிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்னும் மூன்று தூண் வகைகளையும் படத்தைப் பார்த்து வரைந்தே பழக வேண்டும். டோரிக் தூணுக்குக் கிரேக்கத்தில் அடிப்பீடம் இல்லை, மேடையிலிருந்து நேரே எழும்; உடலில் பொதுவாக 20 குழிவரிகள் இருக்கும்; தலைப்பு ஒரு தட்டையான தலையணை போன்றது. அயோனிக் தூண் மெலிந்தது, அடிப்பீடம் உடையது, பொதுவாக 24 குழிவரிகளும் தலைப்பில் இரு புறமும் சுருள்களும் கொண்டது. கொரிந்தியன் தூணின் தலைப்பில் அகாந்தஸ் என்ற செடியின் இலைகள் சூழ்ந்திருக்கும். எங்கள் கடைவீட்டுத் தூணில் மழுங்கிக் கிடப்பவை அந்த இலைகளின் தூரத்து வழித்தோன்றல்களே. கொரிந்து நகரத்தில் இறந்த ஒரு பெண்ணின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி இலைகள் முளைத்ததைக் கண்ட கல்லிமாக்கஸ் என்ற சிற்பி இவ்வடிவத்தை அமைத்தார் என்ற கதையையும் விட்ருவியஸ்தான் தருகிறார். கதையாக அதை ரசிக்கலாம். வரலாறாகத் தேர்வில் எழுத வேண்டாம்.

ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். இக்டினோஸ், கல்லிக்ராத்தீஸ் ஆகியோர் வடிவமைக்க, சிற்பி ஃபீடியாஸ் மேற்பார்வையில் கி.மு. 447 முதல் 432 வரை நடந்த வேலை அது. முன்புறம் 8 தூண்கள், பக்கவாட்டில் மூலைத் தூண்களையும் சேர்த்து 17. இவற்றை எண்ணிய பின், ஒரு நீண்ட நூலை இருவர் பிடித்துத் தரையோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேர்க்கோட்டைப் போலத் தோன்றும் பார்த்தினன் மேடை உண்மையில் நேராக இல்லை. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பக்கத்தின் நடுப்பகுதி, முனைகளைவிட ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. தூண்களின் நடுப்பகுதி சற்றே பருத்திருக்கிறது. அவை உள்நோக்கிச் சிறிது சாய்ந்தும் நிற்கின்றன. பாரத்தைச் சுமக்கும் உடல் சற்றுப் புடைப்பதை நாம் அறிவோம். அந்த உணர்வைக் கல்லுக்குத் தந்திருக்கிறார்கள் என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன், கண்ணின் மயக்கத்தைத் திருத்தவே இப்படிச் செய்தார்கள் என்ற விளக்கத்தையும் சேர்த்தே. இதே கோயில் 1687இல் வெடிமருந்துக் கிடங்காக இருந்தபோது வெனிசியப் படையின் குண்டு விழுந்து சிதறியது என்பதையும், எஞ்சிய அதன் சிற்பங்களில் ஏறத்தாழப் பாதி இன்று லண்டனில் உள்ளது என்பதையும் படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள்.

சிலைகளைப் படிக்கும் நாளில் நாற்காலிகளை ஓரமாக வைத்துவிட்டு அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். முதலில் இரண்டு கால்களிலும் சமமாகப் பாரத்தை வைத்து, இடக்காலைச் சற்று முன்வைத்து, கைகளைப் பக்கத்தில் விறைப்பாக வைத்து நில்லுங்கள். எகிப்தியரிடமிருந்து கிரேக்கர் கற்ற நிலை இது. குரோய்சோஸ் இப்படித்தான் நிற்கிறான். பின்பு முழுப் பாரத்தையும் வலக்காலுக்கு மாற்றி, இடமுழங்காலைத் தளர்த்துங்கள். வலப்பக்க இடுப்பு தானாகவே உயர்வதைக் கையால் தொட்டு அறியலாம். தோள் அதற்கு எதிர்ப்புறமாகச் சாயும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் என்ற குன்றில் கிடைத்த 'கிரிட்டியோஸ் சிறுவன்' என்ற சிலையில், கி.மு. 480 அளவில், இந்த மாற்றம் முதன்முதலில் தெளிவாகத் தெரிகிறது. அந்தச் சிறுவன் ஒரு காலை மாற்றி நின்றதும் பழைய புன்னகையும் மறைந்துவிட்டது. கி.மு. 440 அளவில் பொலிக்லெய்டோஸ் 'ஈட்டி ஏந்தியவன்' சிலையில் இந்நிலைக்கு முழு இலக்கணம் வகுத்தார். நம் கோயில் உற்சவ மூர்த்திகளின் திரிபங்க நிலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இடுப்பின் இந்த வளைவு அயலாகத் தோன்றுவதில்லை.

பொலிக்லெய்டோஸ் செய்த மூலம் வெண்கலம், அது அழிந்துவிட்டது. பொம்பேயில் கிடைத்து நேப்பிள்ஸில் உள்ளது ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதி. பிரதியின் காலருகே அடிமரம் போலச் செதுக்கிய ஒரு பளிங்குக் கட்டை நிற்பதைக் காட்டி, அது ஏன் என்று கேளுங்கள். சோழர் காலத்துத் திருமேனிகள் திண்ணமாக வார்க்கப்பட்டவை. பெரிய கிரேக்க வெண்கலங்களோ உள்ளே வெற்றிடமாக வார்க்கப்பட்டமையால் கணுக்காலில் நிற்க வல்லவை. பளிங்கில் அதே நிலையைச் செதுக்கினால் எடை முழுதும் கணுக்காலில் விழுந்து முறியும். அதனால் கட்டை தேவைப்படுகிறது. ஒரு சிலை வெண்கல மூலத்தின் பிரதியாக இருக்கக்கூடும் என்று ஐயுற இதுவே நல்ல அடையாளம்.

எத்ருஸ்கருக்குத் தனி மாலை வேண்டும்; அவர்களை இரண்டு வரியில் கடப்பது பெரும் இழப்பு. கும்பாபிஷேகத்துக்குமுன் தமிழகத்திலிருந்து வரும் ஸ்தபதிகள் நம் கோபுரத்தில் சுதை உருவங்கள் செய்வதைச் சாரத்தின் அடியிலிருந்து பார்த்தவர்களுக்கு, எத்ருஸ்கக் கோயிலின் அழகை எடுத்துச் சொல்வது எளிது. அவர்கள் மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் கோயில் கட்டி, சிற்பங்களைக் கூரையின் உச்சியில் நிறுத்தினார்கள். வெய் நகரத்தின் போர்த்தொனாச்சோ கோயிலில் 1916இல் கண்டெடுத்த அப்பொல்லோ சிலை, கி.மு. 510 அளவில் ஆளுயரத்தில் சுடுமண்ணால் செய்யப்பட்டது. கூரை முகட்டில் முன்னோக்கி நடைபோடுவது போல் இருந்தது. மரக்கூரை தாங்க வேண்டுமானால் சிலை உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும். சூளையில் வெடிக்காமல் வேகவும் அதுவே வழி. அதன் மேல் வண்ணம் பூசியிருந்தார்கள். கிரேக்கப் பளிங்குச் சிலைகளும் வண்ணம் பூசப்பட்டவையே. வெள்ளைப் பளிங்குதான் அக்காலத்து அழகு என்று எண்ணுவோர், நம் கோபுரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு கிரேக்கக் கோயிலைக் கற்பனை செய்வது நல்லது.

கட்டட அமைப்பிலும் எத்ருஸ்கர் வேறுபட்டனர். கிரேக்கக் கோயிலுக்கு நான்கு புறமும் படிகள் உண்டு, சுற்றி வந்து பார்க்கலாம். எத்ருஸ்கக் கோயில் உயர்ந்த மேடையில் நிற்கும். முன்புறம் மட்டுமே படி, ஆழமான முகமண்டபம், பின்னால் கருவறைகள். இவ்விரண்டையும் ரோமானியர் ஒன்றாக்கியதைக் காண, ரோம் நகரத்தில் டைபர் ஆற்றங்கரையில் உள்ள போர்த்துனுஸ் கோயிலைப் பாருங்கள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோயிலில் உயர்மேடையும் முன்படியும் எத்ருஸ்கருடையவை, அயோனிக் தூண்கள் கிரேக்கருடையவை. முகமண்டபத் தூண்கள் பாரம் தாங்குகின்றன. பக்கச் சுவர்களில் பாதி புதைந்த தூண்கள் அணியாக மட்டும் நிற்கின்றன. எங்கள் கடைவீட்டின் கீழ்த்தூணும் மேல்தூணும் போலவே. அதன் மென்கல்லின்மேல் சாந்து பூசிப் பளிங்கு போல் காட்டியிருந்தார்கள்.

வளைவைப் படிக்க மரவள்ளிக்கிழங்கும் ஒரு மைலோ டின்னும் போதும். டின்னைக் கிடையாக ஒரு மெல்லிய பலகைமேல் வைத்து, அதன் பாதி உயரம் வரை இரு பக்கமும் செங்கற்களை நெருக்கி அடுக்குங்கள். தடித்த கிழங்கை, உட்புறம் குறுகி வெளிப்புறம் அகன்ற ஒன்பது ஆப்புகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 20 பாகை இருந்தால் ஒன்பதும் சேர்ந்து சரியான அரைவட்டமாகும். இரு செங்கல்லிலிருந்தும் தொடங்கி டின்மேல் அடுக்கிக்கொண்டே வந்து, உச்சிக்கல்லாக ஒன்பதாவதைச் செருகுங்கள். பின்பு அடிப்பலகையை மெல்ல உருவினால் டின் இறங்கும், வளைவு நிற்கும். இதுவரை எந்தப் பிள்ளையும் அந்த நொடியில் கத்தாமல் இருந்ததில்லை. அதன்பின் ஒரு பக்கச் செங்கல்லைச் சற்று நகர்த்தச் சொல்லுங்கள், எல்லாம் சரியும்: வளைவின் பாரம் கீழே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பதற்குச் சான்று வேறு வேண்டியதில்லை. பிரான்சின் தென்பகுதியில், கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய போன் து கார் நீர்ப்பாலம் மூன்று அடுக்கு வளைவுகளாக ஏறத்தாழ 49 மீட்டர் உயரம் எழுகிறது. அதன் சுவர்களில் துருத்தி நிற்கும் கற்கள், சாரத்தையும் வளைவுச் சட்டத்தையும் தாங்குவதற்காக விட்டவை. நம் மைலோ டின்னின் வேலையைச் செய்த சட்டம் அங்கே அமர்ந்திருந்தது. வளைவைக் கண்டுபிடித்தவர்கள் ரோமானியர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மெசபத்தோமியாவிலும் எகிப்திலும் அது அவர்களுக்கு முன்பே இருந்தது, எத்ருஸ்கரும் நகர வாயில்களில் கட்டினார்கள்.

ரோமானியரின் பெரிய பங்களிப்பு கான்கிரீட். சுண்ணாம்போடு நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் எரிமலைச் சாம்பலைக் கலந்தால் நீருக்கடியிலும் இறுகும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125 அளவில் முடிந்த, ரோம் நகரத்துப் பாந்தியோன் கோயிலின் குவிமாடம் 43.3 மீட்டர் விட்டமுடையது; தரையிலிருந்து உச்சி வரையான உயரமும் அதே அளவு. இரும்புக் கம்பி ஏதுமில்லை. அடியில் ஏறத்தாழ 6 மீட்டர் கனமாக இருக்கும் குவிமாடம் உச்சியில் ஏறத்தாழ 1.2 மீட்டராகக் குறைகிறது. கலவையில் போட்ட கல்லும் கீழே கனமானது, மேலே நுரைக்கல். எடை மிகவும் தொல்லை தரும் உச்சியில் எடையே இல்லாமல், வானம் பார்க்கும் வட்டத் திறப்பு. வீடு கட்டும் வேலைக்குச் செல்லும் தந்தையர் எங்கள் வகுப்பில் சிலருக்கு உண்டு. கம்பி இல்லாமல் எப்படி என்று அவர்களைக் கேட்டு வரச் சொன்னால், மறுவாரம் வகுப்பு தானே நடக்கும்.

இவ்வளவும் ஆன பின் ஈப்போவுக்குப் பேருந்தில் சென்று, ஏ. பி. ஹப்பாக் வடிவமைத்து 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் நிலையத்தின் எதிரே ஒரு மணி நேரம் உட்காருங்கள். வளைவு, தூண், குவிமாடம் ஆகியவற்றில் எது சுமக்கிறது, எது அணி மட்டும் என்று கட்டடத்தை வரைந்து இரண்டு நிறத்தில் தீட்டுங்கள். அதற்கு முதல்நாள் ரோம் நகரத்தின் பெரிய காட்சியரங்கமான கொலோசியத்தின் படத்தையும் இதே முறையில் தீட்டியிருக்க வேண்டும். கி.பி. 80இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில், பாரத்தை வளைவுகளே ஏற்க, முகப்பில் கீழிருந்து டோரிக் சாயல், அயோனிக், கொரிந்தியன் என்று அரைத்தூண்கள் அடுக்கடுக்காக அணி செய்கின்றன.

கயிற்றின் முனைக்கு வரும்போது, ரோமில் கி.பி. 315இல் எழுந்த கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவிலிருந்து இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக அச்செடுங்கள். ஒன்று, மேலே உள்ள வட்டச் சிற்பங்களில் ஒன்று. ஹேட்ரியன் காலத்தில் செய்து பின்னர் இங்கே பதித்தது. அதில் மனிதர்கள் ஒரு காலில் பாரமேற்றி, உடல் திருப்பி, இயல்பாக நிற்கிறார்கள். மற்றது, அதன் கீழே கான்ஸ்டன்டைன் காலத்தில் செதுக்கிய நீண்ட பட்டைச் சிற்பம். குள்ளமான உடல்கள், பெரிய தலைகள், நடுவே நேர்முகமாகப் பேரரசர், இருபுறமும் வரிசையாக மக்கள். இதைத் திறமைக் குறைவு என்று நான் கற்பிப்பதில்லை. அதிகாரம் யாரிடம் என்பதைத் தொலைவிலிருந்தே காட்ட இந்த வரிசை போதுமென்று அவர்கள் கருதியிருக்கலாம். வட்டச் சிற்பத்தின் படத்தை எந்த முடிச்சில் மாட்டுவது, செய்த காலத்திலா, மீண்டும் பதித்த காலத்திலா என்று எங்கள் வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் இன்னொரு படி அச்செடுத்து, இரண்டு முடிச்சுகளிலும் மாட்டினோம்.